மூன்று பீப்

காலை ஒன்பது ஐம்பத்தெட்டு. செராஸ் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் பழைய கணினி வயிறு திறந்து கிடக்க, சுகுமாறன் நேற்று வாங்கி வந்த ரேம் நினைவகப் பட்டையை நான்காம் முறையாகப் பள்ளத்தில் வைத்து அழுத்துகிறான். டக். விசிறி சுழல்கிறது. பீப், பீப், பீப். திரை கறுப்பாகவே இருக்கிறது. பக்கத்தில் அவன் மனைவி வாணி, இஸ்திரி போட்ட சட்டையும் காதில் ஹெட்போனுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஆட்குறைப்பில் அவளுக்கு வேலை போய் ஏழு மாதம். இன்று பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே எழுதும் வேலைத் தேர்வு. பழைய நாலு ஜிபி போதாது, எட்டு இருந்தால்தான் தேர்வு திறக்கும். பத்துக்கு மேல் யாரையும் உள்ளே விடாது. "ஏங்க, ஆகுமா?" "ரெண்டு நிமிஷம் லா." பட்டையை உருவிக் கைப்பேசி வெளிச்சத்தில் திருப்புகிறான். பொன்னிறப் பற்களின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருக்கிறது. நகத்தால் சுரண்டி முகர்கிறான். சந்தனம். பள்ளத்துக்குள்ளும் அதே தூள், விரல் எட்டாத ஆழத்தில். "சாமி முன்னால வச்சு, பொட்டு வச்சுத்தானே எடுத்துக் கொடுத்தேன்? அப்புறமும் ஏங்க இப்படிப் பண்ணுது?" என்கிறாள் வாணி. அவள் நெற்றியிலும் அதே சந்தனம், வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்குகிறது. சுவர்க் கடிகாரம் பத்தைத் தொடுகிறது. சுகுமாறன் விரலைக் கால்சட்டையில் அழுத்தித் துடைக்கிறான். "பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரன் கெட்டுப்போனத கொடுத்துட்டான் லா. நம்ம தப்பு ஒண்ணும் இல்ல." வாணி தலையாட்டுகிறாள். ஹெட்போனை மட்டும் கழற்றவில்லை.