டக்

மார்கழியில் ஒத்தக்கடைக் கண்மாய்க்கு நாணல் கதிர்க்குருவி வந்துவிடும். கோரைக்குள் ஒளிந்துகொண்டு ஆளுக்குத் தென்படாது. ‘டக், டக்’ என்ற குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாகஜோதியின் கணவர் ஜெயபாண்டி வைத்திருந்த பழைய கேமராவும் அச்சு அசலாக அப்படித்தான் சத்தம் போடும்.

“இப்பக் கேட்டது குருவியா, நீங்களா?” என்று வருஷா வருஷம் சிரிப்பாள்.

“தல மறைக்குது ஜோதி, கொஞ்சம் சாஞ்சுக்க” என்பார் அவர், பின்னால் நின்றபடி.

சித்திரையில் அவர் இறந்துபோனார். கேமரா திருநகர் வீட்டுப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. இந்த மார்கழியில் அவள் மட்டும் வந்திருந்தாள்.

குருவி வெளியே வந்து அவள் எதிரிலேயே உட்கார்ந்தது. அலகு மூடியிருந்தது.

முதுகுக்குப் பின்னால், டக்.

நாகஜோதி திரும்பவில்லை. தலையை மட்டும் மெல்லச் சாய்த்துக்கொண்டாள்.

டக், டக், டக்.