முயன்றால் முடியும்

வேம்புவின் முட்டியைப் பற்றி அந்த அறையில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது, வேம்புவைத் தவிர.

குத்தாலத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் பந்தி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இலை போடுகிற நீள மேசையின் நடுவில் ஒரு செல்போன். அதில் ‘நடமாட்டம்’ என்றொரு செயலி. உடம்பு எதற்கெல்லாம் ஒத்துழைக்கிறது என்று பத்துக் கேள்வி கேட்டு, நூற்றுக்கு மதிப்பெண் போடும். நாற்பதுக்குக் கீழே போனால் தஞ்சாவூர் எலும்பு டாக்டரிடம் அதுவே நாள் குறித்துச் சீட்டுக் கொடுக்கும்.

மதிவதனிக்கு அந்தச் சீட்டு வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த வேம்பு தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற ஆள் இல்லை. தேதி போட்ட சீட்டு கையில் இருந்தால் மறுக்க மாட்டாள். ஆகவே வேம்பு இன்று எப்படியாவது ஃபெயிலாக வேண்டும்.

மதிவதனிதான் செயலிக்குத் தமிழ் எழுதுகிறவள். சுவரில் ‘அறம்’, ‘கனிவு’, ‘பயனாளரே மையம்’ என்று மூன்று தாள்களை ஒட்டியிருந்தார் திட்டத் தலைவர் ராம்கி. கனிவு மட்டும் காற்றில் ஒரு பக்கம் பிய்ந்து ஆடியது.

கீழே விதிகள். பயனாளரை ‘அம்மா’, ‘ஐயா’ என்றே அழைக்க வேண்டும். ஊழியர்களின் உறவினரைச் சோதனைக்கு உட்கார வைக்கக் கூடாது. மனம் நோகும் சொல் எதுவும் திரையில் வரக் கூடாது.

இந்தக் கடைசி விதிக்காகச் சென்னையில் நான்கு நாள் கூட்டம் நடந்தது. ஏசி அறை, இரண்டு வேளை முந்திரி பிஸ்கட். ‘முடியாது’ என்கிற சொல் மனிதரின் தன்னம்பிக்கையைச் சிதைக்கிறது என்று ஒரு நிபுணர் கண்டுபிடித்தார். இன்னொரு நிபுணர் கண் கலங்கினார். அந்தச் சொல் இருந்த பொத்தானைத் தூக்கிவிட்டு ‘முயன்றால் முடியும்’ என்று மாற்றினார்கள். எழுதிக் கொடுத்தவள் மதிவதனி. எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

“அம்மா, உங்களால மாடிப்படி ஏற முடியுதா?” என்று வாசித்தாள் மதிவதனி.

“நம்ம தெருவுல ஏது மாடி,” என்ற வேம்பு, கொஞ்சம் தாமதமாக ஒரு “ங்க” சேர்த்துக்கொண்டாள்.

ராம்கி அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். மாடி இல்லாதவர்களுக்கு மாடியின் படம் ஒன்று சேர்க்கலாம்.

அடுத்தது குனிவது.

“குனியறதுக்கு என்னங்க, நாள் பூரா குனிவேன். நிமிர்றதத்தான் கேக்கணும்.”

நிமிர்வது பற்றிக் கேள்வி இல்லை. நிபுணர்கள் எவரும் நாற்று நட்டதில்லை. கீழே விழுந்த பேனாவுக்குக் குனிவார்கள். எடுத்ததும் தானாக நிமிர்ந்துவிடுவார்கள்.

வேம்பு கேட்டதற்கெல்லாம் ‘முடியும்’ என்பதையே தொட்டாள். நடவுக்குக் கூப்பிட்டவர்களிடம் முப்பது வருடமாக அவள் சொல்லிவந்த பதில் அது. வேறு பதில் சொன்னால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள்.

மதிவதனி மேசைக்கு அடியில் கால் நீட்டி, நல்ல காலாகப் பார்த்து, அவள் வலது பாதத்தை மிதித்தாள்.

வேம்பு முறைத்தாள். பிறகு வேண்டாவெறுப்பாக, மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் ‘முயன்றால் முடியும்’.

திரை பச்சையானது. எழுபது. செல்போனுக்குள்ளிருந்து யாரோ கைதட்டினார்கள்.

மதிவதனிக்கு அப்போதுதான் உறைத்தது. ‘முயன்றால் முடியும்’ என்பதற்கும் பாதி மதிப்பெண் உண்டு; பத்துக் கேள்விக்கும் அந்தக் கடைசிப் பொத்தானையே தொட்டாலும் ஐம்பதுக்குக் கீழே போக வழியில்லை. சுடுகாட்டுக்குப் போகிற பாடையை நிறுத்திக் கேட்டாலும் படுத்திருப்பவர் பாஸாகிவிடுவார். வழியை அடைத்தவள் அவளேதான்.

“சூப்பர்! ரிப்போர்ட்டுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாம். அம்மா, அப்படியே எழுந்து நில்லுங்க,” என்றார் ராம்கி.

வேம்பு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாதிதான் எழுந்தாள். இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் நாற்காலி பொத்தென்று பின்னால் விழுந்தது. வரப்பில் நிற்கிற மாதிரி குனிந்த வாக்கிலேயே நின்றவள், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

“முடியலடி.”

போட்டோ எடுக்கத் தூக்கிய செல்போனை ராம்கி கீழே இறக்கினார்.

“என்னது, ‘டி’யா?”

“பயனாளருக்கு நெருக்கமான மொழி வேணும்னு நீங்கதானே சார் கேட்டீங்க.”

மூன்று வருடமாகக் கெஞ்சியும் சண்டை போட்டும் சோறு தின்னாமல் கிடந்தும் மதிவதனியால் அந்த வாயிலிருந்து வரவழைக்க முடியாத சொல் அது. இனி எந்தச் சீட்டும் தேவையில்லை. தஞ்சாவூர் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

இரண்டு பேருடைய பைகளையும் ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, மறு தோளை வேம்புவின் கைக்கு அடியில் கொடுத்தாள். காலையிலிருந்து திருப்பியே போட்டிருந்த அடையாள அட்டை அந்த அசைவில் முன்பக்கம் புரண்டது.

இரா. மதிவதனி.

மேசைமேல் செல்போன் இன்னும் பச்சையாகவே இருந்தது.

‘வாழ்த்துகள்! வேம்பு, க/பெ இராஜாங்கம்.’