கொழும்பில் பத்து நாள்

"கடலைப் பாத்தாப்புல ஜன்னல். படுத்துக்கிட்டே கப்பல் பாக்கலாம். அப்படி ஒரு ரூம்!" என்றார் நசீருதீன்.

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் அன்றைக்குச் சந்தைக் கூட்டம். ஊரிலிருந்து கொழும்புக்குப் போய்வந்த இரண்டாவது ஆள் என்பதால், தையல்காரர் நசீருதீனைச் சுற்றிப் பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் நின்றுகொண்டே கேட்டார்கள்.

"ஆளே பளபளன்னு ஆயிட்டீங்க பாய். வெளிநாட்டுத் தண்ணி ஒத்துக்கிச்சு போல," என்றான் வாழைக்காய் வியாபாரி கோவிந்தன். அவனுக்கும் பெண்டாட்டியோடு ஒரு தடவை கொழும்பு பார்த்துவிட ஆசை. "எங்களாட்டம் ஆளுங்களுக்கு அதெல்லாம் கட்டுப்படி ஆவுங்களா?"

"எல்லாம் தங்கற எடத்துலதான் இருக்குது. பெரிய ஓட்டல் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. குடும்பத்துக்காரங்க நடத்தற சின்ன லாட்ஜாப் புடி. சுத்திப் பாக்க டாக்ஸி எதுக்கு? மியூசியம், மிருகக்காட்சி சாலை, கடற்கரை, எங்க போறதுக்கும் பஸ் இருக்குது."

"நீங்க தங்கின லாட்ஜு பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

நசீருதீன் ஒரு மடக்கு டீ குடித்தார். "பேரு சிங்களத்துல எழுதியிருந்துச்சுப்பா. மஞ்சக் கட்டடம். வாசல்ல ஒரு மாமரம்."

கோவிந்தன் பொட்டலம் மடிக்கிற காகிதத்தைக் கிழித்து அதை எழுதிக்கொண்டான். கொழும்பு என்ன, நசீருதீன் கடலையே கண்ணால் கண்டதில்லை.

ஊர் திரண்டு மாலை போட்டு பஸ் ஏற்றி அனுப்பியது என்னவோ உண்மைதான். சேலத்தில் இறங்கி, பாஸ்போர்ட் வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜெண்டைப் போய்ப் பார்த்தால், "இன்னும் ரெண்டு மாசம் ஆவும்" என்று கையை விரித்துவிட்டான்.

"மாலையும் கழுத்துமா அனுப்பிச்சாங்க. அடுத்த பஸ்ஸுலயே போய் இறங்கினா சிரிப்பாச் சிரிச்சிருவாங்க. நான் வரமாட்டேன்," என்று மனைவி ஷகிலா டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் இருவரும் தர்மபுரி, பென்னாகரம் என்று பஸ் மாறி ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தார்கள்.

பத்து நாள். காலையில் நசீருதீனுக்கு ஆள் வைத்து எண்ணெய்த் தேய்ப்பு, அருவிக் குளியல், மத்தியானம் வறுத்த மீன், சாயங்காலம் பரிசல். "கட்டிக்கிட்டு வந்த பதினெட்டு வருசத்துல இப்படி நிம்மதியா ஒரு நாள் உக்காந்து சாப்பிட்டதில்லீங்க," என்று ஷகிலா சொன்னபோது நசீருதீனுக்குக் கொழும்பே மறந்து போயிற்று. ஊர் திரும்பிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

போவதற்கு முன்னால் விசாரித்து வைத்திருந்த சமாசாரங்களை வைத்துத்தான் இந்த ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். லாட்ஜைப் பற்றி மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டதால், அதை இப்போது சொந்தமாகக் கட்ட வேண்டியதாயிற்று.

"அதோ, கம்பவுண்டரய்யாவே வராரு!" என்றான் கோவிந்தன்.

ரிட்டயரான கம்பவுண்டர் சவுரியப்பன்தான் கொழும்புக்குப் போய்வந்த முதல் ஆள். அது நடந்து ஏழு வருஷமாகியும் ஊரில் அவருக்குக் 'கொழும்புக் கம்பவுண்டர்' என்றுதான் பெயர். நசீருதீனுக்கு விவரம் சொல்லி அனுப்பியவரும் அவரே. ஊர் திரும்பியதிலிருந்து அவர் கண்ணில் படாமல் இருக்கத்தான் நசீருதீன் சுற்று வழியில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஐயா, பாய் தங்கின லாட்ஜு இது. நல்ல எடமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்று கோவிந்தன் காகிதத்தை நீட்டினான்.

சவுரியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு நிமிர்ந்து, பத்து நாள் எண்ணெயில் ஊறிய மினுமினுப்பு இன்னும் போகாத நசீருதீனின் முகத்தையும் கையையும் நிதானமாகப் பார்த்தார். நசீருதீன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மஞ்சக் கட்டடம்... வாசல்ல மாமரமா?"

"ஆமாங்கய்யா."

"அட, அதே எடந்தான்! நான் போனப்பவும் அங்கதான் தங்கினேன்."

கூட்டம் நசீருதீனை மரியாதையோடு பார்த்தது. அவருக்கோ நம்பவே முடியவில்லை. வாய்க்கு வந்த பொய்க்குப் பொருத்தமாக ஆண்டவன் கொழும்பில் நிஜமாகவே ஒரு மஞ்சள் கட்டடத்தை எழுப்பி, மாமரமும் நட்டு வைத்திருக்கிறானே!

"ஆனா அவசரப்படாதே கோவிந்தா," என்றார் சவுரியப்பன். "பாஸ்போர்ட்டு கைக்கு வந்தப்புறம் மாலையப் போட்டுக்க." எல்லோரும் சிரித்தார்கள். நசீருதீனும் சிரித்து வைத்தார்.

கம்பவுண்டர் கிளம்பினதும் நசீருதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாவம், நல்ல மனுஷன். தன் பொய்க்கு அறியாமல் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார். கோவிந்தன் அதை நம்பிக் குடும்பத்தோடு கப்பல் ஏறினாலும் ஏறுவான். ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும், சொல்லிவிடுவோம் என்று பின்னாலேயே ஓடினார்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரூம் விசயம்..."

சவுரியப்பன் நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். சந்தைக்குப் போகிற மாட்டுவண்டி ஒன்று தாண்டிப் போகும்வரை காத்திருந்து, நசீருதீனின் தோளில் கையைப் போட்டுக் கிசுகிசுத்தார்.

"எங்களுக்குக் குடுத்த மூட்டைப்பூச்சி ரூமைத்தான் உங்களுக்கும் குடுத்தாங்களா பாய், ஒகேனக்கல்ல?"