அடியில் இருந்த முத்திரை

ஞானசிகாமணி தன் குட்டி போன்சாய் ஆலமரத்துக்காக இரண்டு தொட்டிகள் வாங்கினார். ஒன்று ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த நீலத் தொட்டி. அதில் நல்ல நாள் பார்த்து நடும்வரை மரத்தை வைத்திருக்க, உள்ளூரில் ஒரு மண்தொட்டி.

"உனக்கு நாலு நாள்தான். அப்புறம் மரம் என்னிடம் வந்துவிடும்," என்றது நீலத் தொட்டி.

"வரட்டும். அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றது மண்தொட்டி.

மறுநாள் விருந்தாளி ஒருவர் வந்தார். ஞானசிகாமணி நீலத் தொட்டியைக் கவிழ்த்து, "அடியைப் பாருங்க சார், செஞ்சவரோட முத்திரை. ஒரிஜினல்," என்றார். விருந்தாளி அசந்துபோனார். அதற்கடுத்த நாள் இன்னொருவர் வந்தார். மண்ணை நிரப்பிவிட்டால் எப்படிக் கவிழ்த்துக் காட்டுவது? நல்ல நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

மூன்று மழைக்காலம் போனது. ஆலமரத்தின் முதல் விழுது இறங்கி மண்ணைத் தொட்டது.

நீலத் தொட்டி அப்போதும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. "இதுவரை நூறு பேராவது என் அடியைப் பார்த்து வியந்திருப்பார்கள். உன்னை ஒருத்தராவது கவிழ்த்துப் பார்த்ததுண்டா?"

"என்னை எப்படிக் கவிழ்ப்பார்கள்?" என்றது மண்தொட்டி. "என்மேல் மரம் நிற்கிறதே."