சிவப்புச் சட்டைத் திருடன்

“ஐயோ, என் போன்! பிடிங்க அவனை!”

யுலேசி போட்ட கூச்சலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸ் டவுனுக்கு இறங்கும் மலைப்பாதையில் பஸ் நெரிசலில் நின்ற நேரம். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவன் ஜன்னல் வழியே கையை விட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டு சந்துக்குள் பறந்துவிட்டான்.

“ஆளைப் பார்த்தியா?” பக்கத்து சீட் மிர்லா கேட்டாள்.

“பார்க்காம என்ன? எங்க தெரு நெப்தலிதான்!”

“அந்தச் சிவப்புச் சட்டையா?”

சிவப்புச் சட்டை என்றால் ஆளுங்கட்சிக்காரன். ஊர்வலத்துக்கு வராத வீட்டுக்கு அரசாங்க அரிசிப் பெட்டி கிடையாது என்று வாசல் வாசலாக நின்று கத்துகிறவன். அது போதாதென்று இப்போது வழிப்பறி வேறு.

யுலேசி போனுக்காக அழவில்லை. தேர்தல் முடிவைத் திருத்திவிட்டார்கள் என்று ஊரே தெருவில் இறங்கிய இரவில், கட்சி ஆபீசுக்குத் தீ வைத்ததாக அவள் தம்பி வில்மேரைப் பிடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். அந்த நேரத்தில் அவன் பேக்கரியில் முதலாளிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். பின்னால் டி.வி.யில் கலவரச் செய்தி நேரலையாக ஓடியது. அதையெல்லாம் எடுத்த வீடியோவைப் பேக்கரியில் இருந்தவர்கள் பயந்துபோய் அழித்துவிட்டார்கள். இருந்தது இவள் போனில் மட்டும். வக்கீலிடம் காட்டத்தான் கிளம்பியிருந்தாள்.

வளைவு திரும்பியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள்.

“எல்லாரும் போனைத் திறந்து கையில வச்சுக்குங்க!”

முகத்தை மூடிய காவலர்கள் ஒவ்வொரு போனாய் நோண்டினார்கள். அதிபரைக் கிண்டலடித்த படம் ஒன்று இருந்ததற்காக முன்சீட் வாத்தியாரை இறக்கினார்கள். அவர் திரும்ப ஏறவில்லை.

“உன் போன் எங்கே?”

“இப்பத்தான் சார் ஒருத்தன் பிடுங்கிட்டுப் போனான்!” யுலேசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. பையைக் கொட்டு.”

“நிஜம்தான் சார். நாங்க எல்லாரும் பார்த்தோம்” என்றாள் மிர்லா. “நெப்தலின்னு ஒரு கட்சிக்காரன்.”

காவலன் சிரித்தேவிட்டான். “நெப்தலியா? நம்ம ஆளாச்சே! போ தாயி, வேற வாங்கிக்க.”

பஸ் கிளம்பியது. வழியெல்லாம் நெப்தலிக்குத்தான் அர்ச்சனை.

கடைசி ஸ்டாப்பில் இறங்கினால், அவனே மோட்டார் சைக்கிளோடு நிற்கிறான்! யுலேசி பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்தாள்.

“நீயெல்லாம் மனுஷனாடா?”

அவன் போனை அவள் கையில் திணித்தான். “கத்தாதே. வழியில செக்கிங்னு கட்சி ஆபீசுல பேசிக்கிட்டாங்க. நீ வீடியோவோட இந்த பஸ்ல வர்றேன்னு தெருவுல கேள்விப்பட்டிருந்தேன்; அவங்க பார்த்தா அழிச்சிருப்பாங்க. அதான் ஓடி வந்தேன். வீடியோ பத்திரமா இருக்கு. வக்கீலைப் போய்ப் பாரு.”

யுலேசி வீடியோவைத் தட்டினாள். வில்மேர் வாயெல்லாம் பல்லாகப் பாடிக்கொண்டிருந்தான். அப்பாடா என்று நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே?”

“கேட்டிருந்தா செக்கிங்ல உனக்கு நிஜ அழுகை வந்திருக்குமா?”

“அண்ணே, உங்களைப் போய் எப்படியெல்லாம் திட்டிட்டோம்! இன்னிக்கே தெருவுல எல்லார்கிட்டயும் சொல்றேன்…”

“ஐயையோ, கெடுத்தே!” நெப்தலி வண்டியை உதைத்துக் கிளப்பினான். “திருடன்னே திட்டிக்கிட்டிரு. நான் நல்லவன்னு தெரிஞ்சா, அடுத்த செக்கிங் எங்கேன்னு எனக்கு யார் சொல்லுவா?”