பாலத்துக்கு இந்தப் பக்கம்

கண்காட்சிக் கூடத்தின் கண்ணாடிக் கூரை வழியே மதிய வெயில் திரைமேல் விழுகிறது. ஜப்பானிய பாணியில் அவள் வடிவமைத்த வீடியோ கேமில் சண்டையே கிடையாது. கூட வரும் தோழன் பாதி வழியில் இறந்துபோவான். எந்த மந்திரமும் அவனை எழுப்பாது. விளையாட உட்காருகிறவர்கள் பொத்தானை அழுத்தி அழுத்திச் சலித்துப்போகிறார்கள். “செத்தவன் திரும்பி வரவே மாட்டேங்கிறான். இதெல்லாம் ஒரு கேமா?” என்று முனகியபடி கடைசி ஆளும் எழுந்து போகிறான். காலியான நாற்காலியில் அவளுடைய அம்மா உட்கார்ந்து, தயங்கித் தயங்கி கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறாள். ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. திரையில் தோழன் ஒரு தோளைச் சாய்த்து, காலைத் தேய்த்தபடி நடந்து வருகிறான். அம்மாவின் விரல் அப்படியே நிற்கிறது.

“இது நம்ம சின்னவன் நடையாச்சே.”

பக்கத்தில் நிற்கும் மகள் திரும்பி அம்மாவைப் பார்க்கிறாள். தம்பி இறந்த பிறகு அம்மா அவனைப் பற்றி வாய் திறப்பது இதுதான் முதல் தடவை.

“இவன் எங்கடி சாவான்?”

“அதோ, அந்தப் பாலத்தைத் தாண்டினதும்மா.”

பக்கத்து அரங்கில் யாரோ ஜெயித்திருக்கிறார்கள். விசிலும் கைதட்டலும் காதைப் பிளக்கின்றன.

“அப்ப நாம தாண்ட வேணாம்” என்கிறாள் அம்மா. கன்ட்ரோலரை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்கிறாள். திரையில் அவன் நின்ற இடத்திலேயே நின்று, நெஞ்சு ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.