மாப்பிள்ளையின் கேம் பெட்டி

"மாப்பிள்ளை, பெட்டிக்கு உசுரு இருக்கா இல்லையா?"

அறை வாசலில் நின்றபடி கேட்டார் குஞ்சிதபாதம். உள்ளே மருமகன் அஷ்வின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிவியோடு மாட்டியிருந்த தன் கேம் கன்சோலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். டிவியில் கறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

"இருக்கு மாமா. அப்டேட் பாதி ஏறினப்ப கரண்ட் போயிடுச்சுல்ல, அதான் எந்திரிக்க மாட்டேங்குது. ஃபைலைப் புதுசா இறக்கி, பென் டிரைவ்ல போட்டு ஏத்தணும்."

"நேரமாகுமோ?"

"நம்ம சுரக்குடி சிக்னல்ல இறங்கணுமே மாமா."

"மெதுவாவே பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல."

கொஞ்சம் கூடுதல் சந்தோஷமாகச் சொல்லிவிட்டோமோ என்று குஞ்சிதபாதத்துக்குத் தோன்றியது. அவசரமாக முகத்தை வாட்டமாக்கிக்கொண்டு நகர்ந்தார்.

அன்று சாயங்காலம் பெங்களூரு பஸ். மகள் சிவப்ரியாவும் மாப்பிள்ளையும் வந்ததும் தெரியவில்லை, கிளம்பப்போகிறார்கள். மறுநாளோ பக்கத்துக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. சாமி வீதியுலா வரும்போது மாடிக்கு மாடி நின்று ஊரே மாம்பழம் இறைக்கும். சின்ன வயசில் ஒரு வருஷம்கூடத் தவறவிடாத சிவப்ரியா, கல்யாணமாகிப் போன பிறகு ஒரு தடவையும் அதைப் பார்க்கவில்லை. நேற்று ராத்திரி அவள் பெட்டியில் துணி அடுக்கியபோது முகம் தொங்கிப்போயிருந்ததை அப்பா கவனித்திருந்தார்.

'இருந்துட்டுப் போங்க மாப்பிள்ளை' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தைக்குத்தான் மனைவி கமலாம்பாள் தடை போட்டிருந்தாள். பெண்ணைக் கொடுத்தவர்கள் கிளம்புகிற மாப்பிள்ளையை வழி மறிக்கிறதாவது, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது அவள் கட்சி.

அவர் அடுப்படிக்கு வந்தபோது கமலாம்பாள் பயணத்துக்குப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பெட்டி சரியாயிடுச்சா?"

"எங்க. அப்படியேதான் கெடக்கு."

"அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?"

"நான் எங்க சிரிச்சேன்?"

கமலாம்பாள் கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு முன்னால் குஞ்சிதபாதம் ஒரு பொய்யையும் காப்பாற்றியதில்லை.

"கரண்ட் போகல கமலா," என்றார் குரலைத் தாழ்த்தி. "நான்தான் மெயினை ஆஃப் பண்ணி, திரும்பப் போட்டேன்."

"என்னது?"

"காலையில மாப்பிள்ளைதான் வந்து, 'மாமா, அப்டேட் ஓடுது, மெயின்ல கை வச்சிடாதீங்க. நடுவுல கரண்ட் போனா பெட்டி படுத்துடும். அப்புறம் சரி பண்ண ஒரு நாளு முழுசா ஆகும், எடத்தை விட்டு நகத்தவும் முடியாது'ன்னாரு. ஒரு நாளுன்னதும் எனக்குப் புத்தி அங்கயே நின்னுடுச்சு."

"அடப்பாவி மனுஷா. அவரு அதைக் கைக்குழந்தை மாதிரி துண்டு சுத்தி மடியில வச்சுல்ல தூக்கிட்டு வந்தாரு. ஒரேயடியா போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

அதுவரை குறும்பாகத் தெரிந்த காரியம் அப்போதுதான் குஞ்சிதபாதத்துக்கு விபரீதமாகப் பட்டது. பெட்டி செத்துப்போய், கொன்றது மாமனார்தான் என்று தெரிந்தால் இந்த வீட்டில் மாப்பிள்ளை இனி கால் வைப்பாரா என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் இலையில் உட்கார்ந்தபோது சிவப்ரியா சொன்னாள்: "அப்பா, இன்னைக்கு பஸ்ஸைக் கேன்சல் பண்ணிட்டோம். இப்ப கேம் பெட்டியைப் பிடுங்கினா மொத்தமாப் போயிடுமாம். நாளைக்கு ராத்திரி போறோம்."

கமலாம்பாளின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை கூடை மாம்பழம் சொல்லலாம் என்று அவள் கணக்குப் போட ஆரம்பித்தாள். குஞ்சிதபாதமும் இதற்குத்தான் ஆசைப்பட்டார். ஆனாலும் சோறு இறங்கவில்லை. எதிரில் அஷ்வின் சாம்பாரைப் பிசைந்தபடி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா மாப்பிள்ளை?"

"என்ன பண்றது மாமா. கரண்ட் போனா யாரைக் குத்தம் சொல்றது?"

குஞ்சிதபாதத்துக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பாதி இலையில் எழுந்து கை கழுவிவிட்டார். கொஞ்ச நேரம் கொல்லையில் மேலும் கீழும் நடந்தார். ஒளித்து வைத்துத் திண்டாடுவதைவிட உள்ளதைச் சொல்லிவிடுவது மேல், மரியாதை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டு மாப்பிள்ளையின் அறைக்குப் போனார். 'மாப்பிள்ளை, என்னை மன்னிச்சுடுங்க' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது.

கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே டிவி முழுக்கப் பச்சைப் பசேலென்று ஒரு கால்பந்து மைதானம். ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு மகளும் மருமகனும் முட்டி மோதி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தத்தைக் குறைங்க," என்றாள் சிவப்ரியா. "பாவம் அப்பா, மெயினை ஆஃப் பண்ணிட்டு சோறு இறங்காமத் தவிக்கிறாரு. சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாமா?"

"மாங்கனி முடியட்டும், சொல்லலாம். இருங்கன்னு யாரும் சொல்லாத வீட்டுல மாப்பிள்ளை நானா எப்படி இருக்கறது?" என்றான் அஷ்வின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு மெயின்ல கை வைக்கட்டும்னுதானே காலையில அவ்வளவு வெவரமாச் சொல்லிட்டு வந்தேன்."